சீமை வால்வு வேண்டாமுங்க

மதலைமுத்து: ...வேண்டாமுங்க சிஸ்டர். சொன்னாக் கேளுங்க. உங்க பெட்டிக்குச் சீமை வால்வு தேவையே இல்லை.

செலின்: தேவையா இல்லையான்னு நான்தானே சொல்லணும்? ரேடியோ என்னுது.

மதலைமுத்து: உங்குளுதுதானுங்க. யாரு இல்லைன்னா? ஆனா இந்தச் சின்னப் பெட்டிக்குப் போயி ஹாலந்து வால்வு போடறதுங்கறது... மாட்டு வண்டிக்குக் காரு சக்கரம் மாட்டறாப்பல.

செலின்: என் ரேடியோ மாட்டு வண்டியா?

மதலைமுத்து: அப்பிடிச் சொல்லலீங்க.

செலின்: இப்பதானே சொன்னீங்க. ரத்தினசாமி அண்ணா, நீங்க கேட்டீங்கல்ல?

ரத்தினசாமி: நான் காஜா எடுத்துட்டு இருக்கேம்மா. எனக்கு ஒண்ணும் கேக்காது. ஆனாலும் கேட்டுச்சு. மாட்டு வண்டின்னுதான் சொன்னான்.

மதலைமுத்து: அண்ணா, நீங்க உங்க துணியப் பாருங்க.

ரத்தினசாமி: துணியத்தாண்டா பாக்கறேன். ஒரே கடையில பாதி ரேடியோ, பாதி தையல்னு உக்காந்தா காதை எங்க கொண்டுபோய் வைக்கறது? ஏம்மா செலின், நேத்து ஒரு காலேஜ் வாத்தியார் வந்தார். அவர்கிட்ட இவன் என்ன சொன்னான் தெரியுமா?

செலின்: என்ன சொன்னார்?

ரத்தினசாமி: "சீமை வால்வு போட்டுப் பாருங்க சார், பாடறவங்க மூச்சு இழுக்கறதுகூடக் கேக்கும்"னான். அந்த மனுசன் மயங்கிப்போய் வாங்கிட்டுப் போனார். மைசூர்ல இந்தத் தேவராஜ மொஹல்லாவுலயே சீமை வால்வைப் புகழ்ந்து புகழ்ந்து விக்கறவன் இவன் ஒருத்தன்தான். உனக்கு மட்டும் வேண்டாங்கறான். ஏன்னு கேளு.

செலின்: ஏன்?

மதலைமுத்து: அவரு பெட்டி பெருசுங்க.

ரத்தினசாமி: ஆமாமா. பெட்டி பெருசு.

மதலைமுத்து: இந்த வால்வு விலை என்னன்னு தெரியுமுங்களா சிஸ்டர்? உங்க சம்பளத்துல பாதி போயிரும். வெள்ளைக்காரன் போயி ஏழு வருசம் ஆச்சு, இன்னும் டப்பா மேல சீமை எழுத்து இருந்தாப் போதும், நம்ம சனங்க கேட்ட விலை குடுக்கறாங்க. பாதி விலை அந்த எழுத்துக்குத்தானுங்க.

செலின்: மூச்சு இழுக்கறது கேக்கும்னு வாத்தியார்கிட்டச் சொன்னது பொய்யா?

மதலைமுத்து: பொய் இல்லீங்க. கேக்கும். மத்தவங்க மூச்சு இழுக்கறதைக் கேட்டு உங்குளுக்கு என்ன ஆகப்போகுது சிஸ்டர்?

செலின்: முதல்ல இந்த சிஸ்டரை விடுங்க. ஆஸ்பத்திரியில நாள் பூரா வார்டு வார்டா அதைத்தான் கேக்கறேன். இங்கயும் வந்து கேக்கணுமா?

மதலைமுத்து: நர்சம்மாவை வேற எப்பிடிங்க கூப்பிடறது?

செலின்: பேர்னு ஒண்ணு இருக்கே.

மதலைமுத்து: பேரைச் சொல்லியா... உங்க வீட்டுக்காரரு காதுல விழுந்தா நல்லா இருக்குங்களா?

செலின்: வீட்டுக்காரருக்கு இதுல என்ன? அவருக்கு ரேடியோ சத்தம் ஆகாது, அவ்வளவுதான். என்னை யார் எப்படிக் கூப்பிட்டா அவருக்கென்ன?

மதலைமுத்து: ...அதுவும் சரிதானுங்க. ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி.

செலின்: பேச்சை மாத்தாதீங்க. நீங்க போடற டிஸ்போசல் வால்வு மூணு மாசம், நாலு மாசத்துல ஊமையாயிடுது. விளக்கு எரியுது, முள் நகருது, சத்தம் மட்டும் இல்லை. ஒவ்வொரு தடவையும் வால்வைத் துணியில சுத்தி, பெட்டியை ஜட்காவுல வெச்சு, மடியில அணைச்சுட்டு வர்றேன்.

மதலைமுத்து: சண்டை முடிஞ்சதும் பட்டாளத்துக்காரங்க மூட்டை மூட்டையா வித்துட்டுப் போன சாமானுங்க. சிலது அப்பிடித்தான். அதுக்குத்தான் கேரண்டி இருக்குதே. ஒவ்வொரு தடவையும் சும்மாதானே மாத்தித் தர்றேன்?

ரத்தினசாமி: என்னது?

மதலைமுத்து: ஒண்ணுமில்லீங்க அண்ணா.

ரத்தினசாமி: பட்டாளத்துக்காரன் கழிச்சுக் கட்டின சாமானுக்குக் கேரண்டியா? நம்ம மொதலாளி மல்லப்பனுக்குத் தெரியுமா இது? தெரிஞ்சா அவர் நெஞ்சைப் பிடிச்சுட்டு உக்காந்துடுவாரே.

செலின்: கேரண்டி கிடையாதா?

மதலைமுத்து: அண்ணா, நீங்க இன்னும் காப்பி குடிக்கப் போகலீங்களா?

செலின்: அப்ப இத்தனை தடவையும் மாத்திக் கொடுத்தது... உங்க கைக்காசா?

மதலைமுத்து: அதெல்லாம் இல்லீங்க. கைக்காசும் இல்லை, ஒண்ணும் இல்லை. அப்பறம் சொல்றேன்.

ரத்தினசாமி: அப்புறம் என்னடா அப்புறம்? நீ எப்பத்தான் சொல்லியிருக்கே...

செலின்: சாக்கு, சாக்கு. ரெண்டு பேரும் நிறுத்துங்க.

ரத்தினசாமி: அதைத்தாம்மா நானும் சொல்றேன். எல்லாம் சாக்குதான்.

செலின்: நான் கன்னடத்துல சொன்னேன் அண்ணா. போதும்னு.

ரத்தினசாமி: நான் தமிழ்ல சொல்றேம்மா. சாக்குதான்னு.

மதலைமுத்து: எனக்கு ரெண்டு பேரு பேசறதும் புரியலை.

ரத்தினசாமி: உனக்கு என்னிக்குப் புரிஞ்சிருக்கு?

செலின்: இங்க பாருங்க. எனக்கு இனிமே மூணு மாசத்துக்கு ஒருதரம் வந்து மாத்த முடியாது. அதான் நல்ல வால்வு கேக்கறேன். ஒருதரம் போட்டா அஞ்சாறு வருசம் தாங்கும்னு நீங்கதான் சொன்னீங்க.

மதலைமுத்து: நானா? எப்பங்க?

செலின்: முதல் நாள், ரெண்டு வருசம் முந்தி. மேசைமேல ரெண்டு வால்வையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, இது அஞ்சாறு வருசம் தாங்கும், இது மூணு மாசமோ ஆறு மாசமோ ஆண்டவன் விட்ட வழின்னு சொன்னீங்க.

மதலைமுத்து: ஆமாங்க. அன்னிக்கு நீங்கதான் சீமை வால்வு வேண்டாம்னீங்க.

செலின்: ஆமா.

மதலைமுத்து: ஏனுங்க?

செலின்: அஞ்சாறு வருசம் தாங்கும்னு சொன்னீங்களே. அதான்.

மதலைமுத்து: ...எனக்கு விளங்கலீங்க.

ரத்தினசாமி: மாதாவே.

மதலைமுத்து: இப்ப மட்டும் ஏன் வர முடியாதுங்கறீங்க? ஆஸ்பத்திரியில வேலை அதிகமுங்களா?

செலின்: கே.ஜி.எப். போறேன்.

மதலைமுத்து: ஊருக்குங்களா? சொந்தக்காரங்க கல்யாணமா?

செலின்: வேலைக்கு. தங்கவயல் ஆஸ்பத்திரியில இடம் கிடைச்சிருக்கு. குவார்ட்டர்ஸும் தர்றாங்க. திங்கக்கிழமை போய்ச் சேரணும்.

மதலைமுத்து: திங்கக்கிழமைங்கறது...

செலின்: நாளன்னிக்கு மறுநாள். இங்க என்னை வெச்சுக்க வீட்டுக்காரருக்கு இஷ்டமில்லை. நான் எங்கதான் போறது? தங்கவயல்ல நல்ல ரேடியோ ரிப்பேர்காரர் யாரையும் எனக்குத் தெரியாது. அதனால இந்த ரேடியோவை யாரும் தொடவே வேண்டாத மாதிரி ஒரு வால்வு போடுங்க. அவ்வளவுதான் நான் கேக்கறது.

ரத்தினசாமி: எனக்குக் காப்பி குடிக்கணும்போல இருக்கு.

மதலைமுத்து: இப்ப எதுக்குங்க போறீங்க? உக்காருங்க.

ரத்தினசாமி: நீதாண்டா போகச் சொன்னே. சின்னக் கடியாரக் கோபுரம் வரைக்கும் காலாற நடந்துட்டு வர்றேன். செலின், ஒரே ஒரு சந்தேகம்மா. பூக்காரனை அண்ணாங்கறே, ஜட்காக்காரனை அண்ணாங்கறே, பல்லு போன என்னையும் அண்ணாங்கறே. இவனை மட்டும் ஒரு தடவைகூட அண்ணான்னு நீ சொல்லி நான் கேட்டதில்லையே?

செலின்: நீங்க காப்பி குடிக்கப் போங்க, அண்ணா.

ரத்தினசாமி: போறேன், போறேன். முத்து, நான் வர்றவரைக்கும் கடையைப் பாத்துக்கோ. கடையை மட்டும் பாத்துட்டு இருந்துடாதே.

செலின்: ...என்ன, அவர் போனதும் பேச்சே இல்லை?

மதலைமுத்து: எந்த வால்வுன்னு யோசிக்கறனுங்க.

செலின்: அதான் சொல்லிட்டேனே. சீமை.

மதலைமுத்து: ஒரு காரியம் பண்ணலாமுங்க. என் பேச்சும் வேண்டாம், டப்பா மேல இருக்கற எழுத்தும் வேண்டாம். உங்க காது சொல்லட்டும். ஒண்ணு மாத்தி ஒண்ணு மாட்டிக் காட்டறேன். எது எதுன்னு சொல்ல மாட்டேன். நீங்க தெருப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்குங்க. எது உசத்தின்னு படுதோ, அதையே போட்டுக் குடுக்கறேன்.

செலின்: நான் சீமை வால்வைத்தான் சொல்வேன்.

மதலைமுத்து: சொன்னீங்கன்னா அப்பறம் ஒரு வார்த்தை பேச மாட்டனுங்க. மாட்டிக் குடுத்தர்றேன். அஞ்சாறு வருசத்துக்கு நீங்க... இந்தப் பக்கமே வர வேண்டியதில்லை.

செலின்: டிஸ்போசல்தான் நல்லா இருக்குன்னு சொல்லிட்டா?

மதலைமுத்து: அது மூணு மாசத்துல போயிருமுங்க. தங்கவயல்ல எவன் பாப்பான்? தூக்கிட்டு நீங்க இங்கதான் வரணும்.

செலின்: ரயிலேறியா? இந்தப் பெட்டியைத் தூக்கிட்டு, அவ்வளவு தூரம், ஒரு வால்வுக்காகவா?

மதலைமுத்து: வர மாட்டீங்களா?

செலின்: ...முதல்ல மாட்டுங்க. கண்ணை மூடிட்டேன்.

மதலைமுத்து: கையால மூடுங்க. நீங்க விரலிடுக்குல பாக்கற ஆளு.

செலின்: என்னைப் பத்தி ரொம்பத் தெரிஞ்ச மாதிரி.

மதலைமுத்து: போட்டாச்சுங்க. இருங்க, சூடாகட்டும்.

செலின்: இந்த நேரம்தான் எனக்குப் பிடிக்கும். விளக்கு வந்துடும், பாட்டு வராது. வருமா வராதான்னு இருக்கும்...

மதலைமுத்து: வருமுங்க.

செலின்: ...வந்துடுச்சு. யாரோ பொண்ணு பாடறா. மைசூர் ஸ்டேஷனா?

மதலைமுத்து: ஆமாங்க. சாயந்தரக் கச்சேரி.

செலின்: இது நம்ம பழைய டிஸ்போசல்தான்.

மதலைமுத்து: எதுன்னு சொல்லக் கூடாதுன்னனே.

செலின்: நீங்கதான் சொல்லக் கூடாது. நான் சொல்லலாம். ஜலதோஷம் பிடிச்ச மாதிரி ஒரு கரகரப்பு இருக்கு பாருங்க. ராத்திரி டூட்டி முடிஞ்சு வந்து, விடியற்காலையில ஈரத்தலையோட படுத்துட்டுக் கேப்பேன். இதே கரகரப்பு. வார்டுல முனகற சத்தமெல்லாம் அப்பத்தான் காதைவிட்டுப் போகும்.

மதலைமுத்து: நிறுத்தட்டுங்களா?

செலின்: இன்னும் கொஞ்சம்... ம். போதும். அடுத்ததை மாட்டுங்க. கையைச் சுட்டுக்காதீங்க, துணி வெச்சுப் பிடிங்க.

மதலைமுத்து: செரிங்க சிஸ்டர்.

செலின்: கழட்டற சத்தமே கேக்கலையே?

மதலைமுத்து: பழகின கையிங்க. ஆச்சு. திரும்பாதீங்க, அப்பிடியே இருங்க.

செலின்: இருக்கேன்.

மதலைமுத்து: ...ஒண்ணு கேக்கலாமுங்களா? கண்ணைத் திறக்காதீங்க. நீங்க பாத்தா எனக்குக் கேக்க வராது.

செலின்: கேளுங்க.

மதலைமுத்து: உங்க வீட்டுக்காரரு என்னதான் சொன்னாரு?

செலின்: என் தங்கச்சி ராணி இருந்தவரைக்கும் ஒண்ணும் சொல்லலை. அவளுக்குக் கல்யாணமாகி பெங்களூர் போனதும் ஒரு மாசம் முகத்தைத் தூக்கிட்டே இருந்தார். போன வாரம் கூப்பிட்டு, இனிமே நீ இங்க இருக்க வேண்டாம்னுட்டார்.

மதலைமுத்து: அப்பிடியேவா சொன்னாரு?

செலின்: அப்படியேதான்.

மதலைமுத்து: நீங்க?

செலின்: நான் என்ன சொல்றது? அவர் வீடு. சரின்னுட்டேன்.

மதலைமுத்து: சரின்னுட்டீங்களா? ஒரு வார்த்தை சண்டை போடலீங்களா?

செலின்: எதுக்குச் சண்டை? இத்தனை வருசம் நல்லபடியாத்தானே இருந்தோம். போறப்பவும் நல்லபடியாப் போயிடலாம்.

மதலைமுத்து: நீங்க போயிருவீங்க. எனக்கு ஆறலீங்க. ரெண்டு வருசமா உள்ளுக்குள்ள பொருமீட்டு இருக்கேன். ரேடியோ சத்தம் ஆகாதுன்னாரு, செரி. காதுல மாட்டிக் கேக்கற கருவி செஞ்சு குடுத்தேன். ஒரு நாளாவது அந்த மனுசன் இந்தப் பெட்டியத் தூக்கிட்டு வந்திருப்பாரா? போன ஆடி மழையில, முந்தானையப் பெட்டி மேல போத்திட்டு நீங்க நனைஞ்சுட்டு வந்து நின்னீங்க. அன்னிக்கே அவரு சட்டையப் பிடிச்சுக் கேக்கணும்னு இருந்துச்சு.

செலின்: அவர் எதுக்கு என் ரேடியோவைத் தூக்கணும்?

மதலைமுத்து: இதைத்தானுங்க சொல்றேன். நீங்க விட்டுக்குடுத்து விட்டுக்குடுத்துத்தான் அந்தாளு இந்த நெலைக்கு வந்தாரு. மாதா கோயில்ல பங்குச் சாமியாருகிட்டச் சொல்லுங்க. அவரு கூப்பிட்டு ரெண்டு வார்த்தை கேட்டா அடங்கிருவாரு.

செலின்: சாமியாரா? லிங்கப்பன் எப்படி சாமியார் பேச்சைக் கேப்பார்? அவர் வாராவாரம் நஞ்சன்கூடு சிவன் கோயிலுக்குப் போறவர்.

மதலைமுத்து: லிங்கப்பனா?

செலின்: ஆமா. அவர் பேர்.

மதலைமுத்து: அவரு... நம்ம வேதம் இல்லீங்களா?

செலின்: இல்லை. அதனால என்ன? நல்ல மனுசர்தான். மாசம் பொறந்ததும் வாடகையைக் கையில கொடுத்துட்டா ஒரு தொந்தரவு கிடையாது.

மதலைமுத்து: வாடகையா?

செலின்: ஆமா.

மதலைமுத்து: கட்டினவருக்கு... எதுக்குங்க வாடகை?

செலின்: கட்டினவருக்குத்தானே வாடகை கொடுக்கணும்? கஷ்டப்பட்டுக் கட்டியிருக்கார். முன்கட்டு, பின்கட்டு, மாடின்னு...

மதலைமுத்து: மாடியா?

செலின்: ...நீங்க என்ன கேக்கறீங்க?

மதலைமுத்து: கண்ணைத் திறக்காதீங்க.

செலின்: திறந்துட்டேன். கீழ பாக்காதீங்க, என்னைப் பாருங்க. யார் யாரைக் கட்டினதுன்னு நினைச்சுட்டு இருக்கீங்க?

மதலைமுத்து: நீங்கதானுங்க... வந்த நாளாப் பிடிச்சு வீட்டுக்காரர், வீட்டுக்காரர்னு...

செலின்: வீட்டுக்காரர்தான். வீட்டைக் கட்டினவர். என்னைக் கட்டினவர் இல்லை. என்னை யாரும் கட்டலை.

மதலைமுத்து: கழுத்துல ஒண்ணுமில்லையேன்னு பாத்தேன். நர்சுமாருங்க நகை போடக் கூடாது, கழட்டி வெச்சிருப்பீங்கன்னு நானே நெனச்சுக்கிட்டேன்.

செலின்: ரெண்டு வருசமா?

மதலைமுத்து: ரெண்டு வருசமாத்தானுங்க.

செலின்: ரத்தினசாமி அண்ணன் பக்கத்துலதானே உக்காந்திருக்கார்? ராணி கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைச்சவரே அவர்தான். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பாரே.

மதலைமுத்து: என்னன்னு கேக்கறது? வீட்டுக்காரர் இருக்கற பொம்பளையப் பத்தி நாலு பேருகிட்ட விசாரிக்கலாமுங்களா? அண்ணன் உங்களை வெச்சு என்னையக் கிண்டல் பண்ண வாயைத் திறந்தாலே நான் எந்திரிச்சு வெளிய போயிருவேன்.

செலின்: நான் கேட்டேன்.

மதலைமுத்து: என்னன்னு?

செலின்: உங்களைப் பத்தி. ராமாபுரம் பக்கம், பட்டாளத்துல ஒயர்லெஸ் வேலை பாத்துட்டு வந்தவன், வீட்டுல அம்மா மட்டும், கல்யாணம் ஆகலைன்னு ஒண்ணு விடாம சொன்னார். நான் வந்த மூணாவது தடவை.

மதலைமுத்து: மூணாவது தடவையா...

செலின்: அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும், இன்னிக்காவது இந்த மனுசர் ஏதாவது கேப்பார்னு வருவேன். நீங்க சிஸ்டர் உக்காருங்க, சிஸ்டர் தண்ணி குடிக்கிறீங்களா, சிஸ்டர் பாத்துப் போங்கன்னு அனுப்பி வைப்பீங்க. ஜட்காவுல பெட்டியை மடியில வெச்சுட்டு அழுதுட்டே போயிருக்கேன். ராணிக்குப் படிப்பு, ராணிக்குக் கல்யாணம்னு இருந்ததுல என் வயசை நான் திரும்பிப் பாக்கலை. திரும்பிப் பாத்தா முப்பத்திரண்டு. இந்த மைசூர்ல லிங்கப்பன் வீடு இல்லைன்னா இன்னொரு வீடு எனக்குக் கிடைக்காதா? உங்க கடை வாசல்ல வந்து வந்து நின்னு எனக்கே வெக்கமாப் போச்சு. அதான் தங்கவயலுக்கு எழுதிப் போட்டேன்.

மதலைமுத்து: தெருவுல ஒரு வெள்ளைச் சேலை திரும்பினா எனக்குக் கையில இருக்கற வேலை ஓடாது. நீங்கதானோன்னு பாப்பேன். வேற யாராவதா இருக்கும். அன்னிக்குப் பூரா ஒரு பெட்டியும் எங்கிட்டப் பாடாது.

செலின்: அதை ஒரு நாள் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்.

மதலைமுத்து: எப்பிடிங்க? அந்த லிங்கப்பன் நடுவுல நின்னாரே.

செலின்: பாவம் அந்த மனுசர். அவர் பாட்டுக்கு வாடகை வாங்கிட்டு இருந்தார்... அது சரி, இவ்வளவு நேரமாச்சு, ரேடியோ ஏன் இன்னும் பாடலை?

மதலைமுத்து: ...சுவிச்சுப் போடலீங்க. மறந்துட்டேன்.

செலின்: போடுங்க.

மதலைமுத்து: போட்டாச்சு. சூடாகட்டும்.

செலின்: அந்தக் காதுக் கருவி. எதுக்கு ரெண்டு செஞ்சு கொடுத்தீங்க? தனித்தனியா, ஒரு காதுக்கு ஒண்ணுன்னு?

மதலைமுத்து: ஒண்ணு உங்குளுக்கு. இன்னொண்ணு... அவருக்குன்னுதான். கூட உக்காந்து ரெண்டு பாட்டுக் கேட்டா மனசு எளகுவாரோன்னு.

செலின்: அவருக்கா?

மதலைமுத்து: ஆமாங்க.

செலின்: நான் ஒண்ணு உங்களுக்குன்னு நினைச்சேன். ராணி எத்தனை தடவை கேட்டா தெரியுமா, அக்கா, ஒண்ணு சும்மாத்தானே கிடக்கு, எனக்குக் கொடுன்னு. கொடுக்கலை. ஒண்ணை என் காதுல மாட்டிட்டு, இன்னொண்ணைத் தலையணைமேல வெச்சுப்பேன். பாட்டு ரெண்டுலயும் போயிட்டே இருக்கும்.

மதலைமுத்து: இது தெரிஞ்சிருந்தா...

செலின்: இருங்க. வந்துடுச்சு.

மதலைமுத்து: ஆமாங்க. அதே பொண்ணுதான் பாடறா.

செலின்: நான் கண்ணை மூடிக்கறேன். பேசாதீங்க... எவ்வளவு நல்லா இருக்கு. கரகரப்பே இல்லை. அடி எடுக்கறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கறா பாருங்க, அதுகூடக் கேக்குது. இதுதான் சீமை வால்வு. காலேஜ் வாத்தியார் ஏன் மயங்கினார்னு இப்பப் புரியுது. கேட்ட விலை கொடுக்கலாம்.

மதலைமுத்து: அப்ப இதையே வெச்சு மூடிக் குடுத்தரட்டுங்களா?

செலின்: நீங்க சொல்லுங்க.

மதலைமுத்து: நான் என்னங்க சொல்றது?

செலின்: இவ்வளவுக்கு அப்புறமும் என்னத்தைச் சொல்றதுன்னா கேக்கறீங்க? திங்கக்கிழமை காலையில ரயில். அதுக்கு முன்னாடி சொல்றதுன்னா சொல்லுங்க. இல்லைன்னா ரேடியோவை மூடிக் கொடுங்க.

மதலைமுத்து: போகாதீங்க.

செலின்: என்ன?

மதலைமுத்து: தங்கவயலுக்குப் போகாதீங்க, செலின்.

செலின்: ...என் பேர் உங்களுக்குத் தெரியுமா?

மதலைமுத்து: மொத நாளே தெரியுமுங்க. ராத்திரியில தனியா இருக்கறப்ப சொல்லிப் பாப்பேன். எனக்கு வீடு கட்டற வசதியெல்லாம் இல்லீங்க. வாடகை வீடுதான். ஆனா...

செலின்: ஆனா?

மதலைமுத்து: கட்டறனுங்க. உங்களை. நீங்க செரின்னா நாளைக்கே எங்கம்மாளைக் கூட்டியாறேன். என்னங்க, அழுகறீங்களா?

செலின்: இல்லை. பாட்டுக் கேக்கறேன்... அம்மாவை ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கூட்டிட்டு வாங்க. வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லி வைக்கறேன், ஆள் வருதுன்னு.

மதலைமுத்து: அவரு சட்டையப் பிடிக்க மாட்டனுங்க.

செலின்: சரி, அந்தச் சீமை வால்வைக் கழட்டி டப்பாவுல வைங்க. இனிமே அது எனக்கு எதுக்கு? நம்ம பழைய டிஸ்போசல் போதும்.

மதலைமுத்து: சீமை வால்வு டப்பாவுலதானுங்க இருக்குது. ஒட்டின காகிதம்கூடப் பிரிக்கலை. இங்க பாருங்க.

செலின்: அப்ப இப்பப் பாடறது?

மதலைமுத்து: நீங்க செத்துப்போச்சுன்னு துணியில சுத்திக் கொண்டாந்தீங்களே, அதேதானுங்க. கொஞ்ச நேரம் முந்தி ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்குன்னீங்களே, அதுவும் இதேதான். நான் எதையும் மாத்தலை. ரெண்டு வருசமா கேரண்டி, கேரண்டின்னு சொல்லித் தொடச்சுத் தொடச்சு இதையேதான் திருப்பி மாட்டி அனுப்பிச்சேன். இது ஒரு நாளும் கெட்டதே இல்லீங்க. அந்த லிங்கப்பன்தான் பாட்டுச் சத்தம் பொறுக்காம எரிச்சல்ல பிடுங்கிப் போடறாருன்னு நெனச்சேன். நான் கேட்டா உங்க வீட்டுல சண்டை வரும், நீங்க வர்றதும் நின்னுரும்னு வாயை மூடிக்கிட்டேன்.

செலின்: லிங்கப்பன் என் ரேடியோவைத் தொட்டதுகூட இல்லை. ஒவ்வொரு தடவையும் கழட்டினது நான்.